என் மஞ்சள் கோடு

என் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது என்று முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பொய் சொன்னால் அவனுக்கு இடது காது சிவந்துவிடும். உடைந்த கண்ணாடி, காணாமல் போன சைக்கிள் பம்பு, மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்து, எல்லாவற்றையும் அந்தக் காதைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவார். ஆனால் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசுகிறவனுடைய காது யாருக்குத் தெரியும்? கடைசி மூன்று வாரம் அவன் என்னிடம் பேசியதெல்லாம் காருக்கு அடியிலிருந்துதான். எனக்குத்தான் உறைக்கவில்லை.

அந்தக் காரை நாங்கள் வாங்கவில்லை, கட்டினோம். அவன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில் ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறை நாட்களும் போயின. இரும்புக் குழாய்களை வளைத்து வெல்டு வைத்து எலும்புக்கூட்டைச் செய்தோம். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு காரிலிருந்து எஞ்சினைக் கழற்றி வந்தோம். அண்ணன் பஸ் கம்பெனியில் எஞ்சின் மெக்கானிக். நான் மண் வாரும் இயந்திரங்களுக்கு ஹோஸ் போட்டுக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். இரும்பு அவன் பாடு, இரும்புக்குள் ஓடுகிற திரவமெல்லாம் என் பாடு என்று பிரித்துக்கொண்டோம்.

ஓட்டுவதையும் அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். நாங்கள் கண் வைத்திருந்தது கடிகாரத்தோடு ஓடுகிற பந்தயம், குறைந்த நேரத்தில் சுற்றை முடிக்கிற காருக்குக் கப்பு. ஒரு காருக்கு இரண்டு பேர் பெயர் கொடுக்கலாம். காலையில் அண்ணன், மதியம் நான். முதல் குழாயை வெட்டுவதற்கு முன்பே பேசி முடித்த பேச்சு அது. நான் குட்டை. என் கால் எட்ட வேண்டும் என்று மூன்று பெடலுக்கும் இரண்டு விரல் கனத்தில் அலுமினியக் கட்டை செய்து, கழற்றி மாட்டுகிற மாதிரி ஸ்குரூ வைத்துக் கொடுத்தவனே அவன்தான். கையில் கொடுத்தபோது, “மகாராணிக்கு முக்காலி” என்றான்.

போன வருஷம் பயிற்சிக்காக அந்தக் காரை முதல்முதலாக டிராக்கில் இறக்கினோம். அவன் ஐந்து சுற்று ஓட்டினான். அடுத்து நான். மூன்றாவது சுற்றில், இடது பக்கம் நீளமாக வளைகிற வளைவில், எண்ணெய் விளக்கு ஒருமுறை சிமிட்டியது. நேர்ச்சாலைக்கு வருவதற்குள் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம். உடனே அணைத்தேன். பேரிங் போயிருந்தது, அதில் சுழலும் கிராங்க் தண்டு கீறியிருந்தது. அன்று நான் அழுத அழுகைக்கு அளவில்லை. கொட்டகைக்குக் கொண்டுவந்து அடித்தட்டைக் கழற்றும்போது அண்ணன் சொன்னான்: “உன் தப்பு இல்ல பாப்பா. யார் ஓட்டியிருந்தாலும் போயிருக்கும். எண்ணெய் செஞ்ச வேலை.”

சாதாரண எஞ்சினில் எண்ணெய் முழுவதும் அடியில் ஒரு தட்டில் கிடக்கும். வேகமாக வளைந்தால் அது ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும். உறிஞ்ச வேண்டிய பம்புக்கு வெறும் காற்றுதான் மிஞ்சும். இதற்கு மருந்து ‘டிரை சம்ப்’. அடித்தட்டில் எண்ணெயே தங்க விடக் கூடாது. எஞ்சினுக்கு வெளியே பெல்ட்டில் ஓடுகிற மூன்று அடுக்குப் பம்பு வரும். இரண்டு அடுக்கு, தட்டில் விழுகிற எண்ணெயை உறிஞ்சி, பின்னால் நிற்கும் உயரமான டேங்குக்கு அனுப்பும். மூன்றாவது அடுக்கு, டேங்கிலிருந்து எடுத்து எஞ்சினுக்குள் அழுத்தும். கார் எப்படி வளைந்தாலும் டேங்கின் அடியில் எப்போதும் எண்ணெய் இருக்கும். கேட்க எளிது. பொருத்துகிறவளுக்குத்தான் இடுப்பு ஒடியும். ஒவ்வொரு ஹோஸையும் அளந்து, பல்லுப் பல்லாக நிற்கும் எஃகுப் பின்னலை வெட்டி, விரலெல்லாம் குத்து வாங்கி, முனை மாட்டி, எங்கும் மடங்காமல், சூட்டில் உரசாமல் கொண்டுபோக வேண்டும். நாலு மாதம் அதிலேயே கிடந்தேன். மச்சினன் கல்யாணத்துக்குக்கூட விரல் முழுக்கப் பிளாஸ்திரியோடுதான் போனேன்.

எங்கள் கொட்டகையில் இரண்டு சட்டம் உண்டு. முதல் சட்டம், ஒருத்தர் முடுக்கிய நட்டை இன்னொருத்தர் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். முடுக்கியவர் ஒரு கோடு, பார்த்தவர் ஒரு கோடு. அண்ணனுக்கு வெள்ளைப் பெயிண்ட் பேனா, எனக்கு மஞ்சள். ஒருத்தர் நிறத்தை இன்னொருத்தர் தொடக் கூடாது. எனக்கு இடது கைப் பழக்கம், அதனால் என் கோட்டின் முடிவில் மேல்நோக்கி ஒரு சின்ன வால் விழும். இரண்டு கோடும் இல்லாத நட்டு முடியாத நட்டு. இரண்டாவது சட்டம், திறந்து கிடக்கிற குழாய்க்குள் தூசியோ இரும்புத்தூளோ போகாமல் சிவப்புத் துணியை அடைக்க வேண்டும். அடைத்தவர்தான் எடுக்க வேண்டும். மொத்தம் ஆறு துணி. கதவுக்குப் பக்கத்தில் அவற்றை மாட்ட ஆறு ஆணி. காரைக் கிளப்புவதற்கு முன்னால் ஆறும் ஆணியில் தொங்க வேண்டும். இந்த இரண்டு சட்டத்தையும் போட்டவன் அண்ணன்தான். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி இரண்டு ஹோஸ்களையும் மாட்டிப் பார்த்தேன். அடித்தட்டிலிருந்து பம்புக்குப் போகிற உறிஞ்சு ஹோஸ்கள். அண்ணன் பக்கத்திலேயே காருக்கு அடியில் படுத்து, டேங்கு நிறுத்தத் துளை போட்டுக்கொண்டிருந்ததால் தூள் பறந்தது. இரண்டுக்குள்ளும் சிவப்புத் துணியை நன்றாக அடைத்து, நீளம் சரியா என்று பார்க்கக் கையாலேயே நட்டைத் திருகி வைத்தேன். கோடு போடவில்லை.

“ஞாயித்துக்கிழமை துணியை எடுத்துட்டு முடுக்கிடலாம்ணே. அன்னைக்கே கிளப்பிப் பாத்துடலாம்,” என்றேன்.

டிரில் சத்தத்துக்கு நடுவே, “சரி சரி,” என்று குரல் வந்தது.

கிளம்பும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். பெடலில் என் கட்டைகளைக் காணோம். சீட்டும் நாலு விரல் பின்னால் தள்ளியிருந்தது.

“என் முக்காலி எங்கே?”

“பெயிண்ட் அடிக்கக் கழட்டி வெச்சிருக்கேன்,” என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அண்ணி வாசல்வரை வந்து தேநீர் கொடுத்தார். எப்போதும் ஐந்து நிமிடம் நின்று யாரையாவது கிண்டல் செய்துவிட்டுப் போகிறவர், அன்று கோப்பையை என் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு அப்பாவி நான்.

சனிக்கிழமை கடையில் ஒரு வேலை தள்ளிப்போனது. பதினோரு மணிக்கே விட்டுவிட்டார்கள். ஹோஸைப் பிடித்து வைக்கக் கொஞ்சம் கிளாம்பு எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். வாசலில் கார் ஏற்றுகிற லாரி ஒன்று நின்றது. உள்ளே, என் காரில், என் சீட்டில், ஒரு மனிதர் சிவப்புப் பந்தய உடுப்போடு உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர். அண்ணனுக்கு இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். காசு இருக்கிறது, நேரம் இருக்கிறது, வேகமாகப் போக ஆசையும் இருக்கிறது என்று அண்ணன் எப்போதோ சொல்லியிருந்தான்.

கார்க் கதவில் புது ஸ்டிக்கர். மேலே அண்ணன் பெயர். கீழே டாக்டர் பெயர். அதற்குக் கீழே இடமே இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். “நீங்கதான் தங்கச்சியா? ஹோஸ் வேலை பிரமாதமா இருக்குங்க. போன வருஷம் நடந்ததுக்கு அப்புறம் பயந்துபோய் ஓட்டறதையே விட்டுட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு. பாவம். எனக்கும் ஒருதடவை அப்படித்தான் ஆச்சு.”

நான் பயந்துவிட்டேனா? போன வருஷத்திலிருந்து அந்த இடது வளைவைத் தூக்கத்தில்கூட ஓட்டிக்கொண்டிருக்கிறவள் நான்.

அண்ணன் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்தான். காது செக்கச் செவேல் என்று இருந்தது.

“என்னண்ணே இது?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன் பாப்பா.”

“எப்போ? கப்பு வாங்கினப்புறமா?”

“கத்தாதே. வண்டிக்குப் பந்தயத்துல இடமே கிடைக்கல. இவருக்கு அங்க எல்லாரையும் தெரியும், லாரி வேற இருக்கு. இவர் பேரைப் போட்டதும்தான் எடுத்துக்கிட்டாங்க.”

“இடம் கிடைச்சுது, சரி. யார் இடம் அது?”

அவன் எண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைத்தான்.

“எப்போ முடிவு பண்ணின?”

“மூணு வாரம் இருக்கும்.”

“மூணு வாரமா தினம் சாயங்காலம் வந்து இங்கே விரலை வெட்டிக்கிட்டு இருந்தேனே. ஒரு நாள்கூட வாய் வரலையா உனக்கு?”

“அதுக்காகத்தான் சொல்லல. சொன்னா பாதியில விட்டுட்டுப் போயிடுவ. உன்னை விட்டா ஆயில் வேலை யாருக்குத் தெரியும்?”

இதைச் சொல்லும்போது அவன் காதில் அந்தச் சிவப்புகூட இல்லை. ரொம்ப நியாயமான விஷயம் மாதிரி சொன்னான். என்னைக் கறிவேப்பிலையாக எடுத்துக்கொண்டுவிட்டான். வாசனை இறங்குகிறவரை கொதிக்க வேண்டும், அதற்குப் பிறகு தட்டின் ஓரம். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டிருப்பேன், ஆனால் அப்போதுதான் பெஞ்சில் கிடந்த பேனா கண்ணில் பட்டது. மஞ்சள் பெயிண்ட் பேனா. என் பேனா என் பையில் இருக்கிறது. என் பேனாவின் மூடியை நான் கடித்துக் கடித்து நெளித்து வைத்திருப்பேன். இதன் மூடி புத்தம் புதுசு.

குனிந்து பம்பைப் பார்த்தேன். நான் இன்னும் பார்க்காத நட்டுகளில்கூட வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கோடு. ஒவ்வொன்றின் முடிவிலும் மேல்நோக்கி ஒரு சின்ன வால்.

“என் கோட்டை நீ போட்டியா?”

“பந்தயத்துல பரிசோதனை பண்றவங்க ரெண்டு பேர் பாத்த அடையாளம் கேப்பாங்க. இவர் இன்னைக்குத்தான் ஓய்வா இருந்தாரு. கிளப்பிப் பாத்துடலாம்னு...” அசடு வழிந்தான். “நல்லாத்தான் முடுக்கியிருக்கேன் பாப்பா.”

நல்லாத்தான் முடுக்கியிருப்பான். அதுவா விஷயம்? வாலோடு சேர்த்துப் போட்டிருக்கிறான். வலது கைக்காரனுக்கு அந்த வால் தானாக விழாது. உட்கார்ந்து பழகியிருக்கிறான். என் சீட்டை எடுத்ததுகூடப் பரவாயில்லை, நான் பார்க்காததை நான் பார்த்தேன் என்று என் கையால் எழுதியிருக்கிறான். ஆறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருப்பதற்குக் காரணமே அந்த மஞ்சள் கோடுதான்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசப் பிடிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பின்னால் அண்ணன் டாக்டரிடம் சமாளிப்பது கேட்டது: “கொஞ்சம் கோவக்காரி. சரியாயிடுவா. டிரில் வெச்சுப் பம்பைச் சுத்திப் பாத்தாச்சு சார், ஆயில் மீட்டர் ஜம்முனு ஏறுது. நீங்க சாவியைப் போடுங்க.”

கதவைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில் கண் ஆணிகளுக்குப் போனது. நாலு துணி. இரண்டு ஆணி வெறும் ஆணி.

வியாழக்கிழமை நான் அடைத்த துணி இன்னும் உள்ளேயே இருந்தது. கையால் திருகி, கோடு போடாமல் வைத்திருந்தேன். கோடு இல்லாத நட்டு என்றால் ஏதோ பாக்கி என்று அர்த்தம். அதை யோசிக்காமல், முடுக்கி, என் கோட்டையும் தானே போட்டுவிட்டான். மீட்டர் ஏறத்தான் ஏறும். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற வழி திறந்திருக்கிறது, எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்புகிற வழிதான் அடைத்திருக்கிறது. டேங்கு காலியாகும்வரை மீட்டர் ஜம்மென்று நிற்கும். அதற்குப் பிறகு காற்று. அதற்குப் பிறகு அந்தச் சுத்தியல் சத்தம்.

இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். வாசலில் ஒரு நொடி நின்றேன். தெரியாமல் நிற்கவில்லை, தெரிந்துதான் நின்றேன். போகட்டுமே என்று இருந்தது. நான் அடைத்தேன், சட்டப்படி கோடு போடாமல் விட்டேன், என் மேல் தப்பே இல்லை. டாக்டர் என் சீட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும். அண்ணன் ஆறு வருஷத்தையும் அடித்தட்டில் அள்ளிக்கொள்ளட்டும்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடித்தது. ஐயோ, என்ன சத்தம் அது. நாலு மாதமாக நான் காத்திருந்த சத்தம், கனத்த குரலில் சீராக வந்தது. அதைக் கேட்ட பிறகு என்னால் நிற்க முடியவில்லை. ஓடினேன். கண்ணாடிக்கு முன்னால், வெளியே, அவசரத்துக்கு மின்சாரத்தை நிறுத்துகிற சிவப்புச் சுவிட்ச் உண்டு. அதைப் பிடித்து இழுத்தேன். எஞ்சின் அடங்கியது.

“பைத்தியமா உனக்கு!” அண்ணன் கத்தினான்.

“உறிஞ்சு ஹோஸ்ல துணி இருக்கு. ரெண்டுலயும்.”

அவன் ஆணிகளைத் திரும்பிப் பார்த்தான். எண்ணினான். முகம் வெளிறிப்போனது.

நானே காருக்கு அடியில் போனேன். அடைத்தவர்தான் எடுக்க வேண்டும். நட்டைக் கழற்றி, இடுக்கியால் இரண்டு துணியையும் இழுத்தேன். பின்னாலேயே எண்ணெய் கொட்டி என் கையெல்லாம் வழிந்தது. ஒரு துணியின் ஓரம் பம்பின் வாய்வரைக்கும் போயிருந்தது. இன்னும் அரை நிமிடம் ஓடியிருந்தால் பல்சக்கரம் அதைக் கடித்திருக்கும். இரண்டையும் பிழிந்து தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு நன்றியை எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொள்ளவாவது செய்வான் என்று நினைத்தேன்.

அண்ணன் துணிகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“தெரிஞ்சேதானே உள்ள விட்ட?”

“என்னது?”

“டாக்டர் விஷயம் உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. உங்க அண்ணி சொல்லியிருப்பா. இவர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணும்னு வெச்சிருக்க. அன்னைக்கும் நீதானே ஓட்டின, பேரிங் போனப்போ.”

டாக்டர் சீட்டில் அப்படியே உட்கார்ந்து, கையுறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருந்தார்.

நான் அண்ணனுடைய இடது காதைப் பார்த்தேன். நல்ல வெளிச்சம், மூன்றடி தூரம். சிவக்கவில்லை. துளிகூடச் சிவக்கவில்லை. அவன் சொன்னதை அவன் முழுசாக நம்பினான். வாசலில் நான் நின்ற அந்த ஒரு நொடி அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருந்தால்கூட, துணியை வேண்டுமென்று வைக்கவில்லை என்பதை நம்பியிருக்க மாட்டான். ‘உன் தப்பு இல்ல பாப்பா’ என்று போன வருஷம் சொன்னானே, அதை எங்கிருந்து சொன்னான் என்று யோசித்துப் பார்த்தேன். காருக்கு அடியிலிருந்து. அடித்தட்டைக் கழற்றிக்கொண்டே. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஒரு வருஷம் நிமிர்ந்து நடந்தேன்.

அழுகை வரவில்லை. துணிகளைக் கொண்டுபோய் இரண்டு ஆணியிலும் மாட்டினேன். ஆறும் சரி. கையைக் கழுவினேன். சோப்பு போட்டும் எண்ணெய் லேசில் போகவில்லை.

அதற்குள் அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டான். நட்டு முடுக்குகிற சத்தம் கேட்டது. நான் பையை எடுக்கும்போது, ஆறு வருஷமாக எப்படிக் கூப்பிடுவானோ அப்படியே, எதுவுமே நடக்காத மாதிரி குரல் வந்தது.

“பாப்பா, முடுக்கிட்டேன். பாத்து கோடு போட்டுடு.”

போயிருக்கலாம். டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கும். குனிந்து, கையை விட்டு, ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். முன்னால் இருந்த நட்டு கல் மாதிரி நின்றது. பின்னால் இருந்தது கால் சுற்று வந்தது. அதை நன்றாக முடுக்கி ஸ்பேனரைத் தரையில் வைத்தேன்.

“பின்னாடி நட்டு லூசா இருந்துச்சு. முடுக்கிட்டேன்.”

“கோடு?”

பெஞ்சில் கிடந்த அவனுடைய மஞ்சள் பேனாவைக் காருக்கு அடியில் உருட்டிவிட்டேன்.

“நீயே போட்டுக்கோண்ணே. உனக்குத்தான் என் கை வருதே.”